காணோமே என்று கேட்பவர் யார்?

எங்கள் இருவரின் வயதையும் கூட்டினால் 143 ஆகிறது. எழுதும் கை ஒன்றுதான். ஆனால் மற்றவரிடம் படித்துக் காட்டாத ஒரு வரியும் இதில் இல்லை என்பதால் ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம். குழப்பம் நேராதிருக்க, கணவரை மூத்தவர் என்றும் மனைவியை இளையவர் என்றும் குறிப்பிடுவோம். 69 வயதில் தம்மை இளையவர் என்று அழைக்க ஒருவர் இருப்பதும் அல்லாஹ்வின் அருட்கொடையே என்று அவர் சிரிக்கிறார்.

ஆரணியில் பட்டு நெசவாளர் தெருவும் எங்கள் மஹல்லாவும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும் இடத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வசிக்கிறோம். மூத்தவர் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். இளையவர் பட்டுப் புடவைகளின் முந்தானைக்குக் குஞ்சம் முடிந்து கொடுத்தவர். அந்தக் கூலி சிறிது. ஆனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் பல ஆண்டுகள் அதிலிருந்துதான் போயிற்று என்பதை இங்கே பதிவு செய்யச் சொல்கிறார்.

2023 மே மாதம் 5ஆம் நாள், கொரோனாவுக்காக விடுத்த அவசரநிலையை உலக சுகாதார நிறுவனம் விலக்கிக்கொண்டது. கடைகள் திறந்துவிட்டன, திருமண மண்டபங்கள் நிரம்பி வழிகின்றன, முகக்கவசம் அலமாரியின் மூலைக்குப் போய்விட்டது. எனினும் எங்கள் வயதொத்த பலருக்கு அன்று அடைத்த கதவுகளில் சில இன்றுவரை திறக்கவில்லை. அடைத்தது நோய் என்பதில் ஐயமில்லை. திறக்காமல் விட்டிருப்பது யார் என்பதைப் பேசவே இதை எழுதுகிறோம்.

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்குச் சில நாட்கள் முன்னரே, வயது முதிர்ந்தவர்கள் வெளியே வரவேண்டாம் என்ற வேண்டுகோள் தொலைக்காட்சியில் வந்துவிட்டது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது; ஆனால் தொழுகைக்கு வாருங்கள் என்ற அழைப்பு எங்களுக்கு இல்லை. வீடுகளில் தொழுதுகொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அவருடைய குரல் தழுதழுத்ததைத் தெருவே கேட்டது.

அந்த முடிவில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருப்பவர் அவ்வூரை விட்டு வெளியேறாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். ஹிஜ்ரி 18இல் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்ஃ என்னும் இடம் வரை வந்துவிட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தோழர்களைக் கலந்தாலோசித்துத் திரும்பிச் சென்றார்கள். அந்நோயிலேயே அபூ உபைதா (ரலி) அவர்கள் மரணமடைந்தார்கள். விலகியிருப்பது கோழைத்தனமன்று, ஈமானின் குறைவுமன்று என்பதை நம் சமூகம் நன்கு அறியும். ஆகவே விலகினோம். எங்களை யாரும் வற்புறுத்தவில்லை.

விலகியபோதுதான் எங்கள் நாள் எவற்றால் ஆகியிருந்தது என்பது தெரிந்தது.

மூத்தவருக்குப் பள்ளிவாசலில் நான்கு தோழர்கள். பஜ்ருத் தொழுகை முடிந்ததும் ஹவுளை ஒட்டிய திண்ணையில் அமர்வார்கள். ஒருவர் அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். பொன்னி அரிசியின் அன்றைய விலையைச் சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. ஒருவர் தையற்காரர், உருதுவில் பேசிக்கொண்டே தமிழில் கோபப்படுவார். மற்றவர்களும் இப்படித்தான். அரைமணி நேரப் பேச்சு, பிறகு கடைவீதியில் ஒரு தேநீர். யாரேனும் வரவில்லை என்றால் தேநீருக்கு முன்பு அவருடைய வீட்டு வாசலில் ஒருவர் நிற்பார். அதை நட்பு என்று நாங்கள் பெயரிட்டதில்லை. அது காலைக்கடன்களில் ஒன்றாக இருந்தது.

ஊரடங்கின் இரண்டாம் வாரத்தில் அந்தக் கணக்கர் ஒரு வழி கண்டார். ஐவரிடமும் பொத்தான் வைத்த பழைய கைப்பேசிகள்தாம். பஜ்ருத் தொழுததும் முதலாமவர் இரண்டாமவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், இரண்டாமவர் மூன்றாமவருக்கு, இப்படியே போய் ஐந்தாமவர் முதலாமவருக்குக் கொடுத்தால் வட்டம் நிறையும். காசு செலவில்லை, பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. எழுந்தேன், தொழுதேன், உயிரோடிருக்கிறேன் என்பதே அதன் பொருள். மணி வராவிட்டால் அழைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினார்கள், உண்மைதான். துபாயிலிருந்து மகன் நாள்தோறும் அழைத்து, “அத்தா, வெளியே போகாதீங்க, அம்மா, நீங்களும் போகாதீங்க” என்றான். அதில் அன்பு இருந்தது, கட்டளையும் இருந்தது. தோழர்களின் அந்த ஒற்றை மணியில் கட்டளை ஏதும் இருக்கவில்லை.

இளையவருக்கு நேர்ந்த இழப்பை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிவாசல் மூடப்பட்டதற்கு ஆண்கள் வருந்தினார்கள். அதைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள். எங்கள் மஹல்லாவில் பெண்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும் வழக்கமில்லை. அவர்களுக்குக் கூடும் இடம் என்று பெயர் சூட்டிய ஓர் இடமும் இல்லை. குஞ்சம் முடியும் பெண்கள் பிற்பகலில் ஒரு திண்ணையில் உட்காருவார்கள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, முதலியார் வீட்டுப் பெண்களும் உண்டு. ரேஷன் கடை வரிசை, வாரம் ஒருமுறை நடக்கும் பெண்கள் பயான், பிரசவம் பார்க்கப் போவது, மையித்து வீட்டிற்குப் போவது ஆகியவையே அவர்களின் உலகம். இவை யாவும் ஒரே நாளில் நின்றன. மூடப்பட்டதாக யாரும் அறிவிக்காததால் மீண்டும் திறப்பதாகவும் யாரும் அறிவிக்கவில்லை. “உங்களுக்கு ஒரு பள்ளிவாசல் மூடிச்சு, எனக்கு எத்தனை மூடிச்சுன்னு எண்ணிப் பார்த்தீங்களா?” என்று இளையவர் கேட்டார். மூத்தவர் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

எங்கள் பின்சுவருக்கு அப்பால் ஒரு நெசவாளர் குடும்பம். அவர் வீட்டுக் குழித்தறியின் ஓசை எங்களுக்குக் கடிகாரம். ஆரணிப் பட்டு என்று புவிசார் குறியீடு பெற்று ஊர் பெயரோடு விற்கப்படும் அந்தப் புடவை, மூலப்பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வந்து, கூலிக்கு நெய்பவரின் தறியில் பாவாகவும் ஊடையாகவும் ஏறிய பிறகே உருவாகிறது. லாரிகள் நின்றன, நூல் கொடுப்பவர்கள் கைவிரித்தார்கள், சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் வீட்டுக்குள் பத்துப் பேரோடு முடிந்தன. பாதி நெய்த புடவை தறியிலேயே கிடந்தது. அந்த ஓசை நின்ற காலையில் எங்களுக்கு முதலில் தோன்றியது, அவருக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதுதான். சுவரருகே நின்று மூத்தவர் குரல் கொடுத்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்லை பாய், நூல்தான் இல்லை” என்று பதில் வந்தது.

அதற்குச் சில நாட்களில் எங்கள் பக்கம் குரல் அடங்கிப் போயிற்று. டெல்லி நிஜாமுத்தீனில் மார்ச் மாதம் நடந்த தப்லீக் ஜமாஅத் கூட்டத்திற்குச் சென்று திரும்பியவர்களில் பலருக்குத் தொற்று உறுதியானது. அது மறுக்க முடியாத உண்மை. அவர்களில் பலர் தாமாகவே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் தொலைக்காட்சிகளும் வாட்ஸ்அப் காணொளிகளும் அந்த நோய்க்குத் தொப்பியும் தாடியும் மாட்டிவிட்டன. எங்கள் தெருவிற்குள் வந்துகொண்டிருந்த காய்கறி வண்டி தெருமுனையோடு திரும்பிப் போயிற்று. மூத்தவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே பள்ளியில் பணியாற்றிய நண்பர் ஒருவர், அப்படிப்பட்ட காணொளி ஒன்றை எந்தக் குறிப்புமின்றி அவருக்கே அனுப்பி வைத்தார். ஒருவேளை கைதவறி அனுப்பியிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கும் துணிவு அப்போது இல்லை.

அந்த நாட்களில் நாங்கள் கொல்லைப்புறத்திற்குக்கூட மெதுவாக நடந்தோம். இருமல் வந்தால் தலையணையில் வாய் புதைத்து இருமினோம். நோய்க்கு அஞ்சி அல்ல. மூன்றாம் நாள் விடியலில் சுவருக்கு மேலிருந்து அந்த நெசவாளரின் குரல் கேட்டது. “என்ன பாய், ரெண்டு நாளா உங்க சத்தத்தையே காணோமே? பாயம்மா நல்லா இருக்காங்களா?” அவ்வளவுதான் அவர் சொன்னது. டெல்லியைப் பற்றியோ காணொளியைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. எங்களுக்கு நா எழவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தப்லீக் கூட்டத்திற்கு வந்த வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்று கூறியது. அத்தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்து நிம்மதி அடைந்தோம். ஆயினும் அதற்கு நான்கு மாதம் முன்பே சுவருக்கு மேலிருந்து எங்களுக்கு ஒரு தீர்ப்பு வந்துவிட்டது.

ரமலான் ஏப்ரல் 25 அன்று தொடங்கிற்று. ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சிக்காகத் தமிழக அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்குவது வழக்கம். அவ்வாண்டு பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்ச வேண்டாம், அரிசியாகவே வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முடிவாயிற்று. எங்களுக்கும் ஒரு பை வந்தது. அஸருக்குப் பின் தூக்குவாளிகளோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் கூட்டத்தில் எந்த வீட்டுப் பிள்ளை எந்த மதம் என்று எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை. அடுத்த வீட்டு நெசவாளரின் பேரப்பிள்ளைகள் பிறந்ததிலிருந்து ரமலான் மாதக் கஞ்சி குடித்து வளர்ந்தவர்கள். அந்த அரிசியில் இளையவர் சிறு பானையில் கஞ்சி காய்ச்சினார். பூண்டும் வெந்தயமும் இருந்தன; இறைச்சி கிடைக்கவில்லை. கயிற்றில் தூக்குவாளியைக் கட்டிச் சுவருக்கு அந்தப்பக்கம் இறக்கினோம். “பள்ளிவாசல் கஞ்சி மாதிரி இல்லையே பாட்டி” என்று சின்னவன் குறை சொன்னான். உண்மைதான். அண்டாவில் காய்ச்சுவதன் சுவை பானைக்கு வராது.

மே 25 அன்று பெருநாள். வீட்டுக் கூடத்தில் மூத்தவர் முன்னும் இளையவர் பின்னுமாக நின்று தொழுதோம். மணவாழ்வில் பெருநாள் தொழுகையை இருவரும் ஒன்றாகத் தொழுதது அதுவே முதல்முறை. “கொரோனாவால எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் இது” என்று இளையவர் சொன்னதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரைக்கு அவருடைய ஒப்புதல் கிடைக்காது.

செப்டம்பர் 1 முதல் தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. தத்தம் தொழுகை விரிப்பைக் கொண்டுவர வேண்டும், இடைவெளி விட்டு நிற்க வேண்டும் என்ற விதிகளோடு, 65 வயதைக் கடந்தவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது என்ற அறிவுரையும் இருந்தது. அது அறிவுரைதான், தடையன்று. ஆனால் வாசலை அடையும்போது அறிவுரை தடையாகிவிடுகிறது. மூத்தவர் ஐந்து மாத ஏக்கத்தோடு விரிப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். வெப்பமானியோடு வாசலில் நின்ற இளைஞன் அவரிடம் தமிழ் படித்தவன். “சார், நீங்க வீட்லயே தொழுதுக்கோங்க சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம்” என்றான். மூத்தவர் திரும்பி வந்தார். அவன் மீது எங்களுக்கு வருத்தமில்லை. பிறகு அந்த அறிவுரையைச் சுமந்து நின்றவர்கள் போய்விட்டார்கள்; அறிவுரையும் காலாவதியாயிற்று; “இனி வாருங்கள்” என்று யாரும் வந்து சொல்லவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

இந்த 65 என்ற எண் எங்களை வேறோர் இடத்திலும் வழிமறித்தது. 2020 ஹஜ்ஜுக்கு நாங்கள் விண்ணப்பித்திருந்தோம். 70 வயதைக் கடந்தவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் அப்போது குலுக்கலின்றி இடம் உண்டு. அந்த ஆண்டு சவூதி அரேபியாவிற்குள் வசிப்பவர்களில் மிகச் சிலருக்கே ஹஜ் என்று ஜூன் மாதம் அறிவித்தார்கள். கட்டிய பணத்தை ஹஜ் கமிட்டி முழுதாகத் திருப்பித் தந்தது. 2021லும் வெளிநாட்டவருக்கு அனுமதியில்லை. 2022இல் பத்து லட்சம் பேருக்குக் கதவு திறந்தது. ஆனால் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். 2023இல் வயது வரம்பு நீங்கியது. சென்னையிலிருந்தும் மீண்டும் ஹஜ் விமானம் புறப்பட்டது. அதற்குள் இளையவரின் முழங்கால்கள் இடம்தராமல் போய்விட்டன. பணம் வங்கியில் இருக்கிறது. நிய்யத் அல்லாஹ்விடம் இருக்கிறது. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எங்களுக்கு மனமில்லை.

இரண்டாம் அலைக்கு வருகிறோம். 2021 மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஐவரில் மூவர் முதல் தவணையைப் போட்டுக்கொண்டார்கள். கணக்கர் அஞ்சினார், காய்ச்சல் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ரமலான் முடிந்துவிடட்டும் என்றார். நோன்பு நோற்றபடியே ஊசி போட்டுக்கொள்ளலாம், நோன்பு முறியாது என்று உலமாக்கள் பலர் விளக்கியிருந்தார்கள். அதை அவருக்கு எடுத்துச் சொன்னோம். போதுமான அளவு வற்புறுத்தினோமா என்பதை நாங்கள் இன்றும் எங்களையே கேட்டுக்கொள்கிறோம்.

மே மாதம் 10ஆம் நாள் முழு ஊரடங்கு மீண்டும் வந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் பஜ்ருக்குப் பின் மணி வரவில்லை. மூத்தவர் வட்டத்தில் நான்காமவர், கணக்கர் மூன்றாமவர். பத்து நிமிடம் பொறுத்து அழைத்தார். மகன் எடுத்தார். இரவே வேலூருக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார். அதன்பின் அவருடைய குரலை நாங்கள் கேட்கவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். ஜனாஸாவில் கலந்துகொண்டவர்கள் கைவிரல்களால் எண்ணத்தக்கவர்கள். உறையால் மூடிய உடலைக் கபரில் இறக்கியவர்கள் அவர் பெயரை அன்றுதான் கேள்விப்பட்ட இளைஞர்கள். அந்த மாதங்களில் தமிழகத்தின் பல ஊர்களிலும் முஸ்லிம் அமைப்புகளின் தொண்டர்கள், மதம் பாராமல், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களைச் சுமந்து அடக்கினார்கள், எரியூட்டினார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. முந்தைய ஆண்டு காணொளி அனுப்பிய அந்த நண்பர் ஒருநாள் நள்ளிரவில் அழைத்து, தம் சகோதரருக்கு ஆம்புலன்ஸ் வேண்டும், உங்கள் பிள்ளைகளிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னோம், வண்டி போயிற்று, சகோதரர் பிழைத்தார். நண்பர் வீட்டிற்கே வந்து நன்றி சொன்னார். காணொளியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்பது இளையவரின் கருத்து. மூத்தவருக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு ஆண்டுகளாக இந்த வழக்கு எங்கள் வீட்டில் நிலுவையில் உள்ளது.

இதுவரை சொன்னவற்றில் நாங்கள் ஓரளவு நல்லவர்களாகத் தோன்றுகிறோம். அது முழு உண்மையன்று. தெருக்கோடியில் ஒரு மூதாட்டி தனியே வசித்தார். நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். ராட்டையும் ஒரு கட்டிலும் தவிர அவருக்கு வேறு சொத்தில்லை. பெருநாள் தோறும் இளையவரிடம் வந்து ஸலாம் சொல்லி, தலையைத் தடவி துஆ செய்துவிட்டுப் போவார். கைப்பேசி கிடையாது. எங்கள் ஐவர் வட்டத்தில் அவருக்கு இடமில்லை. குஞ்சம் முடியும் பெண்களுக்கோ வட்டமே இல்லை. 2021 ஜூன் மாதம் தளர்வுகள் வந்தபின் இளையவர் அவரைத் தேடிப்போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் மரணித்து அடக்கமாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. கொரோனா அன்று, முதுமை என்றார்கள். எப்போது என்று கேட்டபோது ஒருவர் ஒரு நாளையும் மற்றொருவர் வேறொரு நாளையும் சொன்னார்.

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய ஒரு பெண்மணியின் செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. சில நாட்கள் அவரைக் காணாமல் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இறந்துவிட்டார், அடக்கமும் செய்துவிட்டோம் என்றார்கள் தோழர்கள். சொல்லும்படியான செய்தி என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கபரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். இந்தச் சம்பவத்தை ஜனாஸாத் தொழுகையின் சட்டத்திற்காக நம் மதரஸாக்களில் பாடமாக நடத்துகிறார்கள். பள்ளிவாசலைத் தூய்மை செய்வதன் சிறப்புக்காகப் பயான்களில் எடுத்துரைக்கிறார்கள். இரண்டும் சரியே. ஆனால் அதன் தொடக்கம் ஒரு கேள்வி என்பதை நாம் கடந்துபோய்விடுகிறோம். ஓர் ஊரையே வழிநடத்திய தலைவருக்கு, துடைப்பம் பிடித்த ஒரு பெண் வரவில்லை என்பது கண்ணில் பட்டிருக்கிறது.

நம் ஜமாஅத் அலுவலகங்களில் சந்தாப் பதிவேடு இருக்கிறது. நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. அடக்கத்தலப் பதிவேடு இருக்கிறது. மஹல்லாவில் தனியே வாழும் முதியவர்கள் யார், 2020க்குப் பின் பள்ளிவாசல் வராமலே நின்றுவிட்டவர்கள் யார், கைப்பேசி இல்லாதவர்கள் யார் என்ற பதிவேடு எங்கே இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 10 பேருக்கு மேல்; நாடளவில் அது 8.6 தான். பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்ட நம்மைப் போன்ற ஊர்களில் தெருவுக்கு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பார்க்கலாம். அரசு 14567 என்ற முதியோர் உதவி எண்ணை வைத்திருக்கிறது. அவசரத்திற்கு அது உதவும். ஆனால் ஒருவர் அழைத்தால்தான் அந்த எண் பேசும். அழைக்காதவரைத் தேடி வருவது மஹல்லாவால் மட்டுமே முடிந்த காரியம்.

பெரிய திட்டம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஜும்ஆவுக்குப் பின் நான்கு இளைஞர்கள் நான்கு தெருக்களுக்குப் போய் வாசலில் ஸலாம் சொல்லட்டும். பெண்களைப் பார்க்கப் பெண்கள் போக வேண்டும். அதற்கென்று மதரஸா மாணவியர் இருக்கிறார்கள். வுழூ செய்யும் இடத்தில் ஒரு கைப்பிடி இரும்புக் குழாய் பொருத்தப்படட்டும். நாற்காலியில் அமர்ந்து தொழுபவர் ஸஃப்பைக் கெடுக்கிறார் என்று முணுமுணுப்பவர்கள், அந்த நாற்காலிவரை வந்துசேர அவர் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்கினார் என்பதையும் ஒருமுறை பார்க்கட்டும். மறுப்பவர்கள் இருப்பார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டிய கடமையை ஜமாஅத் ஏன் சுமக்க வேண்டும் என்று எங்களிடமே ஒருவர் கேட்டார். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்பதில் யாருக்குத்தான் ஐயம்? எங்கள் மகன் அதில் குறை வைக்கவில்லை. ஆனால் 70 வயதில் ஒருவருக்குப் பிள்ளைகள் மட்டும் போதும் என்று எண்ணுவது, அவருக்கு வாழ்க்கை முடிந்துவிட்டது, இனிப் பராமரிப்பு மட்டுமே மீதி என்று எண்ணுவதாகும். அவருக்குச் சண்டை போடவும் ஆள் வேண்டும். அரிசி விலை சொல்லவும் ஆள் வேண்டும்.

தையற்காரரின் கதையையும் சொல்லிவிடுகிறோம். ஐவரில் இருவர் இப்போது இல்லை. தையற்காரர் இருக்கிறார், ஆனால் 2020 மார்ச்சுக்குப் பின் பள்ளிவாசல் படி ஏறியதில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் என்று கேட்டால், “பழக்கம் விட்டுப்போச்சு” என்கிறார். வாசலில் யாரோ திருப்பி அனுப்பியதை அவரும் சந்தித்திருக்கிறார் என்பது பின்னர் தெரிந்தது. மூத்தவர் சென்ற மாதம் முதல் பஜ்ருக்கு முன் அவர் வீட்டுவழியாகச் சுற்றிப் போகிறார். ஒருநாள் கதவு திறக்கவில்லை. மறுநாள் திறந்தது, ஆனால் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் உருதுவில் தொடங்கித் தமிழில் திட்டினார். அது நல்ல அறிகுறி என்பது இளையவரின் கணிப்பு. இளையவரும் பிற்பகல்களில் குஞ்சம் முடியும் பெண்களைத் தேடி ஒவ்வொரு வீடாகப் போய் வருகிறார். முழங்கால் வலிக்கும் நாளில் அவர்கள் இங்கே வந்துவிடுகிறார்கள்.

மிஸ்டு கால் வட்டமும் நிற்கவில்லை. அதில் இப்போது ஆறு பேர். பின்வீட்டு நெசவாளர் தாமாகவே கேட்டுச் சேர்ந்துகொண்டார். அவருக்குப் பஜ்ரு இல்லை, தறியில் இறங்கும் நேரம் உண்டு. முதலியார் வீட்டுப் பெண்களில் ஒருவரும் தையற்காரரின் மனைவியும் இளையவரின் ஏற்பாட்டில் சேர்ந்தவர்கள். இன்று காலை நெசவாளரிடமிருந்து வர வேண்டிய மணி வரவில்லை. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு இருவரும் கொல்லைக்குப் போய்ச் சுவருக்கு மேல் குரல் கொடுத்தோம். இரவு சார்ஜ் போட மறந்துவிட்டாராம். நாங்கள் உள்ளே திரும்புவதற்குள் தறியோசை தொடங்கிவிட்டது.